வெந்நீர் ஊற்றுப் பூங்காவில் ஒரு நாள்: கோலாலம்பூரிலிருந்து போய்வர முழுமையான வழிகாட்டி

முதல் முறை எங்கள் குடும்பம் வெந்நீர் ஊற்றுக்குப் போனபோது எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தோம். காலை பத்தரைக்குக் கோலாலம்பூரின் செந்தூல் பகுதியை விட்டுக் கிளம்பினோம். உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்து, இருப்பதிலேயே சூடான தொட்டியாகப் பார்த்து இறங்கி, தலை சுற்றி உட்கார்ந்தோம். அதற்குப் பிறகுதான் இருவாச்சிப் பறவை எங்கே, பட்டாம்பூச்சி எங்கே என்று தேட ஆரம்பித்தோம். கண்ணில் பட்ட ஒரே விலங்கு, எங்கள் கறிபாப் பலகாரப் பொட்டலத்தோடு மரமேறிய குரங்கு.

அதன்பின் ஏழெட்டு முறை புதியவர்களை அழைத்துக்கொண்டு போய்வந்துவிட்டேன். சறுக்கியவர்கள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் சறுக்கினார்கள்: முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்தார்கள். ஆகவே இங்கே வரிசைதான் முக்கியம். பேராக் மாநிலத்தில் சுங்காய் அருகே, அரசின் நிலக் குடியேற்ற அமைப்பான ஃபெல்டா நடத்தும் சுங்கை கிளா வெந்நீர்ப் பூங்காவை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பினாங்குக்காரர்கள் கெடாவின் பாலிங் வட்டாரத்திலுள்ள உலு லெகோங்குக்குப் போனாலும் இதே வரிசை பொருந்தும்.

1. யார் நீரில் இறங்கலாம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

பூங்கா வாசலில் நின்றுகொண்டு பாட்டியிடம் "நீங்கள் இறங்க வேண்டாம்" என்று சொன்னால் அன்றைய பயணம் அதோடு முடிந்தது. இந்தப் பேச்சை இரண்டு நாள் முன்பே சாப்பாட்டு மேசையில் முடித்துவிடுங்கள்.

முதலில் நீரிழிவு. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. எனவே உங்கள் காரில் ஒருவருக்காவது இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் நீரிழிவில் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகும், சூடு உறைக்காது.

ஒரு முறை என் அத்தை கால் நனைக்கும் தொட்டியில் சுகமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கையை விட்டேன், சுரீரென்றது. "அத்தை, காலை எடுங்கள்" என்றேன். "எனக்கு ஒன்றும் சுடவில்லையே, தம்பி" என்றார். எடுத்துப் பார்த்தால் கணுக்கால் வரை வெந்த இறாலின் நிறம். நல்லவேளை, கொப்புளம் வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: நீரிழிவு உள்ளவரின் காலுக்கு முன் வேறொருவரின் முழங்கை நீரில் இறங்க வேண்டும்.

இன்சுலின் போட்ட கையோடு வெந்நீரில் இறங்கக் கூடாது. சூட்டில் தோலடியில் ரத்த ஓட்டம் கூடுவதால் மருந்து வழக்கத்தைவிட வேகமாக உடம்பில் ஏறும். சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

அடுத்து ரத்த அழுத்தம். வெந்நீர் ரத்தக் குழாய்களை விரிக்கும். அழுத்த மாத்திரைகளில் பலவும் அதே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டும் சேரும்போது, எழுந்து நின்றதும் கண் இருட்டும். இதற்குப் பயந்து அன்று மாத்திரையை விட்டுவிட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்; அது இன்னும் பெரிய தவறு. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நேரத்தைக் குறைத்து, மெல்ல எழுந்தால் போதும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கால் நனைப்பதைத் தாண்டிப் போகவே வேண்டாம்.

கர்ப்பிணிகள், காய்ச்சல் உள்ளவர்கள், ஆறாத புண் உள்ளவர்கள் சூடான குளத்தில் இறங்கக் கூடாது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளைப் பெரியவர்கள் ஊறும் குளத்தில் இறக்காதீர்கள். அவர்கள் உடல் சீக்கிரம் சூடேறும்; அதைச் சொல்லவும் அவர்களுக்குத் தெரியாது.

மூட்டு வலி தீரும் என்று யாராவது ஆசை காட்டியிருந்தால் அதையும் இப்போதே பேசிவிடுங்கள். வெந்நீரில் இருக்கும்வரை தசை தளரும், வலி மட்டுப்படும், அன்றிரவு நல்ல தூக்கம் வரும். தேய்ந்த மூட்டு வளர்ந்துவிடாது.

2. முந்தைய இரவு: வெள்ளியைக் கழற்றுங்கள், எண்ணெயை மறந்துவிடுங்கள்

நம் வீடுகளுக்கென்றே உள்ள தவறு இது. வெந்நீர் ஊற்றுகள் பலவற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கரைந்திருக்கும். அழுகிய முட்டை வாடை வருவது அதனால்தான். அந்த வாயு வெள்ளியைத் தொட்டால் மேற்பரப்பு வெள்ளி சல்ஃபைடாக மாறிக் கறுத்துவிடும். கொலுசு, மெட்டி, குழந்தையின் இடுப்பில் கிடக்கும் அரைஞாண் எல்லாம் இதில் அடங்கும். ஒரு சித்தியின் கொலுசு அரை மணி நேரத்தில் அடுப்புக்கரி நிறத்துக்குப் போனது. போலி வெள்ளியைத் தலையில் கட்டிவிட்டான் என்று நகைக்கடைக்காரரை வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தார். உண்மையில் அசல் வெள்ளியும் அப்படித்தான் கறுக்கும்.

கவரிங் நகையும் நிறம் மாறும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அப்படியே இருக்கட்டும். 22 காரட் தங்கத்துக்கு ஒரு நாளில் பெரிதாக ஒன்றும் ஆகாது. மற்றவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால், மாற்றும் அறையில் தொலைத்துவிட்டுத் தேடுவீர்கள்.

இரண்டாவது, நல்லெண்ணெய். வெந்நீர் என்றாலே எண்ணெய்க் குளியல் நினைவு வரும் தலைமுறை ஒன்று நம்மிடையே இருக்கிறது. உச்சந்தலை முதல் பாதம் வரை தேய்த்துக்கொண்டு வந்த ஒரு பெரியவரால் குளத்துப் படி முழுவதும் வழுக்கியதைப் பார்த்தேன். நீரின் மேல் படலம் மிதந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். எண்ணெய் சனிக்கிழமைக்கு இருக்கட்டும்.

உடை விஷயத்தில், பருத்திச் சுடிதாரும் ஜீன்ஸும் நீரைக் குடித்துக் கனக்கும். நனைந்த துப்பட்டா காலில் சுற்றும். நீச்சலுடை போடக் கூசும் அம்மாக்களுக்கு, விளையாட்டுக்கடையில் கிடைக்கும் மெல்லிய செயற்கை நூல் டீ-சட்டையும் நீளக் காற்சட்டையும் சரியாக இருக்கும். கருநிறமாக எடுங்கள். நனைந்தாலும் உள்ளே தெரியாது. தாதுக்கறை படிந்தாலும் தெரியாது.

பையில் வேறு என்னென்ன? ஆளுக்கு இரண்டு துவாலை, பின்வார் வைத்த ரப்பர் செருப்பு, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் குடிநீர், கொசு விரட்டி, சோப்பு, மாற்றுடை, அடையாள அட்டை, சில்லறையாகக் கொஞ்சம் ரிங்கிட். குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது வைக்கும் மிதக்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நான் கொண்டுபோகும் பொருள்களில் மிக மலிவானதும் மிகப் பயன்பட்டதும் அதுதான். இன்சுலின் பேனாவைக் குளிர்ப்பையில் வைத்துக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் அது கெட்டுவிடும்.

உணவுக்குப் புளிச்சாதம், இட்லிப்பொடி தடவிய இட்லி. தேங்காய்ப்பால் சேர்ந்த நாசி லெமாக்கும் சம்பாலும் சூட்டில் சீக்கிரம் புளித்துவிடும். எதுவானாலும் மூடி இறுகும் டப்பாவில் வைத்து முதுகுப்பைக்குள் போடுங்கள். காரணம் ஆறாம் படியில்.

3. முடிந்தால் செலாயாங்கில் ஓர் ஒத்திகை

சுங்கை கிளாவுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காரோட்ட வேண்டும். அவ்வளவு தூரம் போய், வாடை பிடிக்காமல் முகம் சுளித்துக் காருக்குள் உட்கார்ந்துகொள்பவர்கள் உண்டு. பத்துமலைக்குப் பக்கத்தில் செலாயாங்கில் சிறிய வெந்நீர் ஊற்று இருக்கிறது. ஒரு மாலை அங்கே போய்க் காலை நனைத்துப் பாருங்கள். அங்கே காடும் இல்லை, இருவாச்சியும் இல்லை. ஆனால் பாட்டிக்குத் தலை சுற்றுகிறதா, பையனுக்குத் தோல் அரிக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

4. இருட்டோடு கிளம்புங்கள்

கோலாலம்பூரை விட்டு ஆறு மணிக்குள் வெளியேறுங்கள். வெந்நீரில் ஊற வேண்டுமென்றால் வெளிக்காற்று குளிர்ந்திருக்க வேண்டும். உடல் சூட்டை வியர்வை ஆவியாகித்தான் தணிக்கும். நண்பகல் புழுக்கத்தில், அதுவும் நீருக்குள், அது நடக்காது. பறவைகளுக்கும் இதே கணக்குதான்: ஒன்பது, பத்து மணிக்குமேல் அவை நிழலுக்குள் ஒடுங்கிவிடும்.

வடக்கு நோக்கி பிளஸ் நெடுஞ்சாலை. தஞ்சோங் மாலிம், பேராங், சிலிம் ரிவர் தாண்டினால் சுங்காய் வெளிவழி. நுழையும்போதும் வெளியேறும்போதும் சுங்கக் கட்டணத்துக்கான ஒரே டச் என் கோ அட்டையைத் தொடுங்கள். இடையில் அட்டை மாற்றினால் சுங்கச் சாவடியில் வரிசையே உங்களைத் திரும்பிப் பார்க்கும்.

அடிக்கடி நடக்கும் ஒரு வேடிக்கை: "தாப்பா ஓய்வுத்தளத்தில் பசியாறிக்கொள்ளலாம்" என்று வண்டியை விடுவார்கள். தாப்பா, சுங்காயையும் பீடோரையும் தாண்டித்தான் வரும். திரும்பிவரப் பொன்னான ஒரு மணி நேரம் போய்விடும். கழிவறைக்குச் சுங்கை பூலோவில் நிறுத்துங்கள். இட்லியைக் காரிலேயே சாப்பிடுங்கள்.

ரயிலில் வருபவர்களுக்குச் சுங்காயில் நிலையம் உண்டு. ஆனால் எல்லா இடிஎஸ் மின்சார விரைவு ரயிலும் அங்கே நிற்காது. டிக்கெட் எடுக்கும்போதே நிறுத்தத்தைச் சரிபாருங்கள். நிலையத்திலிருந்து பூங்காவுக்குப் போகும் வண்டியையும், திரும்பி வரும் வண்டியையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஊருக்குள்ளிருந்து பூங்கா தள்ளித்தான் இருக்கிறது.

பள்ளி விடுமுறையையும் பொது விடுமுறையையும் தவிருங்கள். கூட்டம் பெருகினால் குளத்து நீரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. கிளம்பும் முந்தைய நாள் தொலைபேசியில் கூப்பிட்டுத் திறக்கும் நேரத்தையும், எந்தக் குளமாவது பராமரிப்புக்காக மூடியிருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

5. உள்ளே போனதும் கால் மட்டும்

டிக்கெட் வாங்கியதும் குழந்தைகள் குளத்தை நோக்கி ஓடுவார்கள். பிடித்து நிறுத்துங்கள். முதல் பத்து நிமிடம் எல்லாரும் கால் நனைக்கும் வாய்க்காலோரம் உட்கார வேண்டும்.

இரண்டு மணி நேரம் மடங்கிக் கிடந்த கால் இளகும் என்பது ஒன்று. அந்த இடத்து நீர் அன்று எவ்வளவு சூடு, உடம்பு அதை எப்படி ஏற்கிறது என்பதைக் குறைந்த ஆபத்தில் அறிந்துகொள்ளலாம் என்பது இன்னொன்று. முதல் நாள் பெய்த மழையைப் பொறுத்துத் திறந்தவெளித் தொட்டிகளின் சூடு மாறும். போன மாதம் இதமாக இருந்த தொட்டி இன்றும் அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். வெப்பமானியை விட்டுப் பாருங்கள்.

கொப்பளிக்கும் ஊற்றுக்கண்களைச் சுற்றி வேலி போட்டிருப்பார்கள். நீர் அங்கே கொதிநிலையை ஒட்டி மேலே வருகிறது. மலையில் பெய்த மழை கருங்கல் பிளவுகள் வழியே பல நூறு மீட்டருக்குக் கீழே இறங்கி, பூமியின் உள்சூட்டில் காய்ந்து, வேறொரு பிளவு வழியே மேலேறுகிறது. இங்கே எரிமலை எதுவும் இல்லை. 60 டிகிரி நீர் ஐந்தே விநாடியில் தோலை ஆழமாகப் புண்ணாக்கும்; குழந்தைக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். படம் எடுக்க வேலியில் சாய்பவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். வேலிக்கு அப்பால் ஈரமாகத் தெரியும் மண்ணும் கெட்டியானது என்று நம்ப முடியாது.

6. உடம்பு நனையும் முன் காட்டைப் பாருங்கள்

பெரும்பாலோர் இதைக் கடைசியில் வைத்து ஏமாறுகிறார்கள். வெந்நீரில் ஊறி எழுந்த உடம்புக்கு நடக்கத் தெம்பு இருக்காது. காட்டு நடைக்குக் கொசு விரட்டி வேண்டும்; அதைப் பூசியபடி குளத்தில் இறங்கக் கூடாது. நடந்துவிட்டு, சோப்பு போட்டுக் கழுவிவிட்டு இறங்கினால் இரண்டு சிக்கலும் தீர்ந்தன.

இருவாச்சியைக் கண்ணால் தேடாதீர்கள், காதால் தேடுங்கள். அதன் இறக்கையின் அடிப்பக்கத்தில் பெரிய இறகுகளின் இடைவெளியை மூடும் சிறு இறகுகள் இல்லை. அந்த இடைவெளியில் காற்று புகுந்து, பழைய நீராவி ரயில் மூச்சு விடுவதுபோல் ஓசை எழும். ஓசை கேட்டதும் அண்ணாந்தால் தலைக்கு மேல் கடந்துகொண்டிருக்கும். பழுத்த அத்தி மரம் கண்ணில் பட்டால் அதனடியில் பேசாமல் பத்து நிமிடம் நில்லுங்கள்.

எனக்கு இந்த இடங்களில் பிடித்த காட்சி வேறு. வெந்நீர் கசிந்து ஆற்றங்கரை மணலை நனைக்கும் இடத்தில் குனிந்து பாருங்கள். பேராக் மலையடிவாரங்களில் ராஜா புரூக் பட்டாம்பூச்சிகள் அப்படிப்பட்ட ஈர மணலில் கூட்டமாக வந்து இறங்கும். மலேசியாவின் தேசியப் பட்டாம்பூச்சி அது. விரித்தால் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பு இறக்கை. அதில் ரம்பப் பல் வைத்ததுபோல் மின்னும் பச்சை. கழுத்தில் குங்குமச் சிவப்பு. கூடி நிற்பவை ஆண்கள். பூந்தேனில் போதிய உப்பு இல்லை, ஆகையால் தாது நீரை உறிஞ்ச வருகின்றன. மனிதர்களும் பட்டாம்பூச்சியும் ஒரே நீருக்காக வருகிறோம். அவற்றுக்காவது எதற்கு வந்தோம் என்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

உங்கள் நிழல் அவற்றின் மேல் விழாமல், சூரியன் எதிரே இருக்கும்படி நில்லுங்கள். நிழல் பட்டால் பறவை என்று எண்ணி மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். வெயில் சற்று ஏறிய பிறகே இவை இறங்கும் என்பதால் நடையை இருவாச்சியில் தொடங்கி, பட்டாம்பூச்சியில் முடியுங்கள்.

இப்போது குரங்கு. நீண்ட வால் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பையின் சரசரப்பு என்றால் சாப்பாட்டு மணி. பத்துமலைப் படியேறியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பையை மூடி முதுகில் மாட்டுங்கள். ஒன்று வந்து பொட்டலத்தைப் பிடித்துவிட்டால் விட்டுவிடுங்கள். இழுபறியில்தான் கடி விழும். சிரிக்காதீர்கள்; பல்லைக் காட்டினால் சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். கண்ணோடு கண் பார்க்காமல், ஓடாமல், பின்னால் நகருங்கள். "பாவம், ஒரு வாழைப்பழம்" என்று நீங்கள் கொடுத்துவிட்டுப் போனால், அடுத்து வரும் குழந்தையின் கையிலிருந்து அது பிடுங்கும். கடித்தாலோ கீறினாலோ, ஓடும் நீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே கிளினிக்குக்குப் போங்கள். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வீடு திரும்பக் கூடாது.

உடும்பு குறுக்கே போனால் வழிவிட்டால் போதும். அட்டை ஒட்டினால் உப்பும் தீயும் வேண்டாம். வாய் ஒட்டியிருக்கும் மெல்லிய முனையடியில் நகத்தைச் செருகித் தள்ளினால் விட்டுவிடும்.

7. முட்டை: குளிக்கும் முன் சிறு ஆகாரம்

நடையிலிருந்து திரும்பியதும் முட்டை அவிக்கும் கிணறு. வெறும் வயிற்றோடு வெந்நீரில் இறங்கினால் மயக்கம் வரும். வயிறு முட்டத் தின்றுவிட்டு இறங்கினால் குமட்டும். ஆளுக்கு ஒரு முட்டையும் இரண்டு இட்லியும் அளவாக இருக்கும்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த முட்டையை நேராகப் போட்டால் ஓடு வெடிக்கும். காலையிலிருந்தே வெளியில் இருந்த முட்டைதான் நல்லது. கூடையோடு மெதுவாக இறக்கி, கயிற்றைக் கம்பியில் கட்டுங்கள். கொதிநிலையை ஒட்டிய கிணற்றில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

"மஞ்சள் கரு வெந்துவிட்டது, வெள்ளைக்கரு கொழகொழவென்று இருக்கிறதே" என்று சிலர் குழம்புவார்கள். அந்தக் கிணற்றில் சூடு குறைவு என்று பொருள். மஞ்சள் கரு 65 முதல் 70 டிகிரிக்குள் இறுகத் தொடங்கும். வெள்ளைக்கருவின் முக்கியப் புரதம் இறுக 80 டிகிரி வரை வேண்டும். அதிகச் சூடுள்ள கிணற்றுக்கு மாற்றுங்கள். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் முழுதாக வெந்ததையே கொடுங்கள். மிளகுத்தூளும் உப்பும் மடித்துக்கொண்டு போனவர்கள் அங்கே அரசர்கள். ஓட்டைக் கிணற்றுக்குள் போடாதீர்கள்.

8. குளம்: மிதத்தில் தொடங்கி, சுற்றாக

சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து, பொதுக்குழாயில் சோப்பு போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள்.

முதலில் மிதமான குளம், 38 டிகிரி அளவில். இடுப்பளவு நீரில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, பிறகு மார்பளவு. மொத்தம் பத்து நிமிடம். வெளியே வந்து நிழலில் பத்து நிமிடம். ஒரு கோப்பை தண்ணீர். அடுத்த சுற்றில் 40 டிகிரி குளம், மறுபடி பத்து நிமிடம். இப்படி மூன்று சுற்றுக்குமேல் வேண்டாம். நீரில் இருக்கும்போது வியர்ப்பது தெரியாது. ஆனால் வியர்த்துக்கொண்டேதான் இருக்கும். எழுந்ததும் வரும் தலைவலி பெரும்பாலும் தண்ணீர் குடிக்காததால் வருவது.

40-ஐத் தாண்டிய தொட்டிகளில் ஆண்கள் சிலர் பந்தயம் கட்டி உட்காருவார்கள். யார் கடைசியில் எழுகிறார் என்பது வீரம் இல்லை. அப்படி ஜெயித்த ஒருவரை நாங்கள் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வந்தோம்.

எழும்போது ஒரேயடியாக எழாதீர்கள். விளிம்பில் உட்கார்ந்து, காலை மட்டும் நீரில் விட்டு ஒரு நிமிடம் கழித்து எழுங்கள். விரிந்த ரத்தக் குழாய்கள் சுருங்க அந்த நேரம் தேவை. வழுக்கி விழுவோரில் பலரும் இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்தவர்கள்.

தலையை நீருக்குள் முக்காதீர்கள்; குழந்தைகளையும் குதிக்க விடாதீர்கள். வெதுவெதுப்பான நன்னீரில் நெக்லேரியா என்ற அமீபா வளரக்கூடும். குடித்தால் அது ஒன்றும் செய்யாது. மூக்கு வழியே ஏறினால் மூளையைத் தாக்கும். மிக மிக அரிது, ஆனால் தாக்கியவர்கள் பிழைப்பதும் அரிது. மூக்கு நீருக்கு மேலே இருந்தால் இந்தக் கவலை இல்லை.

கூட்டமாக இருந்தால் தனித் தொட்டி வாடகைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால், பழைய நீரை வடித்துப் புதிதாக நிரப்புவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். புது நீர் கையை வைக்க முடியாத சூட்டில் வரும். குளிர்ந்த நீரைக் கலந்து, வெப்பமானி காட்டிய பிறகே இறங்குங்கள். மேல்நீர் சூடாகவும் அடிநீர் ஆறியும் இருக்கும் என்பதால் வாளியால் ஒரு கலக்குக் கலக்கிவிட்டு அளவெடுங்கள்.

பதினொன்றரைக்குள் எல்லாரும் கரையேற வேண்டும்.

9. ஆற்றில் இறங்குவதானால்

பக்கத்தில் ஓடும் ஆறு சில்லென்று இழுக்கும். வெந்நீரிலிருந்து எழுந்த கையோடு அதில் குதிப்பது இதயத்துக்கு அடி. உடம்பு ஆறியபின், முழங்காலளவு மட்டும்.

காலில் கீறல் இருந்தால் அதுவும் வேண்டாம். எலி மூத்திரத்தால் பரவும் காய்ச்சல் புண் வழியாக எளிதில் நுழையும். மலைப் பக்கம் வானம் கறுத்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் வெளியேறுங்கள். மேலே பெய்த மழை ஒரே அலையாக இறங்கும். மலாய்க்காரர்கள் இதைக் கெப்பாலா ஆயிர் என்பார்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால், செருப்பைத் தேட நேரமில்லை என்று பொருள்.

10. கிளம்பும் முன்னும் வீட்டிலும்

நல்ல நீரில் ஒரு முறை அலசிக்கொள்ளுங்கள். தாதுநீர் தோலில் காயட்டும் என்பவர்கள் உண்டு. வறண்ட தோலுக்கும் கரப்பான் என்னும் தோல் நோய் உள்ளவர்களுக்கும் அது அரிப்பைத்தான் தரும். கார் ஓட்டுபவர் மூன்றாவது சுற்றை விட்டுவிட்டு, கிளம்புமுன் அரை மணி நேரம் கண்ணை மூட வேண்டும். வெந்நீருக்குப் பின் வரும் தூக்கம் நெடுஞ்சாலையில் வரக் கூடாது.

நேரம் மிச்சமிருந்தால் ஒரு வெளிவழி வடக்கே போய் பீடோரில் கொய்யா வாங்குங்கள். இல்லையென்றால் திரும்பும் வழியில் தஞ்சோங் மாலிமில் ஆவியில் வெந்த பாவ் ரொட்டி.

நனைந்த துணியை அன்றே துவையுங்கள். மூடிய பையில் ஓரிரவு கிடந்தால் முட்டை வாடை போகாது. ஆற்றில் இறங்கியவர்களுக்கு அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் ஆற்றில் இறங்கியதைச் சொல்லுங்கள்.

எச்சரித்தும் கொலுசோடு இறங்கியவர்களுக்கு: ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசு அதைத் தொடும்படி வைத்து, ஒரு கரண்டி சமையல் சோடாவைப் போட்டுக் கொதிநீரை ஊற்றுங்கள். கறுப்பு அலுமினியத்துக்கு மாறி, வெள்ளி திரும்ப வெளுக்கும். கல் பதித்த கொலுசுக்கு இது ஆகாது. அதை ஈரத்துணியில் திருநீறு தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். சித்தி அப்படித்தான் தேய்த்தார். இரண்டு மாலை பிடித்தது.